விசிலர் அலைகள் காந்தப்புலக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போவது எப்படி?

அலைவரிசை (இழையைத் தொடங்கியவர்)

'பூமி பாடுகிறது' என்ற தலைப்பில் யூடியூபில் வரும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கீழே இறங்கும் ஒரு விசில் (இதைத்தான் விசிலர் என்கிறார்கள்), பின்னால் மர்ம இசை, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். அந்த விசில் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, ஏன் அப்படி இறங்குகிறது என்று சொல்ல ஆளில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

வரலாறு ஓரளவு தெரியும். முதல் உலகப்போரில் எதிரியின் கள டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்க, தரையில் கம்பி ஊன்றி ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்டார்கள் ஜெர்மானியர்கள். பேச்சோடு சேர்ந்து விசிலும் கேட்டது. குண்டு பறக்கிற சத்தம் என்று போர்முனை வீரர்கள் பேசிக்கொண்டார்கள். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் இதை 1919-இல் எழுதிவைத்தார். விஷயம் துலங்கியது 1953-இல், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஓவன் ஸ்டோரியால். அவர் கவனித்தது இது: சில விசில்களுக்கு முன்னால் 'டக்' என்று மின்னல் சத்தம் கேட்கும், சிலவற்றுக்கு முன்னால் ஒன்றும் கேட்காது. 'டக்' கேட்டால் விசில் நீளமாக இழுக்கும். இழுப்பு மற்றதைப் போல இரு மடங்கு. அப்படியானால் முதல் வகை நம் பக்கத்து மின்னல்; பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்து எதிர் அரைக்கோளத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாவது வகை எதிர் அரைக்கோளத்து மின்னல். ஒரே ஒரு நடை. ஸ்புட்னிக் பறப்பதற்கு நான்கு வருடம் முன்பே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் எலக்ட்ரான் இருக்கிறது என்று தரையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார்.

என் கேள்விகள் இரண்டு. பிளாஸ்மாவுக்கு (எலக்ட்ரானும் அயனியும் பிரிந்து கிடக்கும் வாயு) அதன் எலக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்து ஒரு பிளாஸ்மா அதிர்வெண் உண்டு, அதற்குக் கீழே உள்ள ரேடியோ அலை உள்ளே போகாது, திரும்பிவிடும் என்றுதான் படித்தோம். சிற்றலை வானொலி வேலை செய்வதே அதனால்தானே? அப்படியிருக்க சில கிலோஹெர்ட்ஸ் அலை எப்படி உள்ளே நுழைகிறது? நுழைந்தது சரி, வளைந்த காந்தப்புலக் கோட்டை அது ஏன் பின்பற்ற வேண்டும்? நேராகப் போனால் என்ன?

மீனா_சுந்தர்

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்கிறார்கள், இங்கே விசில் என்கிறீர்கள். இது ஒலியா, இல்லையா?

அலைவரிசை

ஒலி இல்லை. மின்காந்த அலை. ஆனால் அதன் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் காது கேட்கும் வரம்புக்குள்ளேயே விழுகிறது. அதனால் ஆன்டெனாவில் வருவதைப் பெருக்கி ஹெட்போனில் கொடுத்தால் அப்படியே கேட்கும். அதிர்வெண்ணை மாற்றவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற_இயற்பியல்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 35 வருடம் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காந்தப்புலம் இல்லாத பிளாஸ்மாவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான அலை வந்தால் எலக்ட்ரான்கள் அதன் மின்புலத்துக்கு ஏற்ப தாராளமாக ஓடி, எதிர்ப்புலத்தை உண்டாக்கி அலையை அணைத்துவிடும். பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இப்போது வலுவான காந்தப்புலத்தை வையுங்கள். புலத்துக்குக் குறுக்கே எலக்ட்ரானால் இஷ்டத்துக்கு ஓட முடியாது; ஓடப்பார்த்தால் வட்டமடிக்கும். அந்தச் சுற்றலுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. எலக்ட்ரான் சுற்றும் அதே திசையில், அதைவிட மெதுவாகச் சுழலும் வட்ட முனைவுற்ற அலை வந்தால் எலக்ட்ரான்களால் அதை அணைக்க முடியாது. அலை உள்ளே போகும். எதிர்த் திசையில் சுழலும் அலைக்கு அந்தச் சலுகை இல்லை, அது பழையபடி திரும்பிவிடும்.

ஆனால் நுழைந்த அலை மெதுவாகிவிடும். எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். பூமியின் மையத்திலிருந்து 4 பூமி ஆரம் தள்ளி, காந்த நடுக்கோட்டுத் தளத்தில் எலக்ட்ரான் சுற்றல் அதிர்வெண் சுமார் 13.6 கிலோஹெர்ட்ஸ். கன சென்டிமீட்டருக்கு 300 எலக்ட்ரான் என்றால் பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 156 கிலோஹெர்ட்ஸ். 4 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே ஒளிவிலகல் எண் 25 வருகிறது. கண்ணாடிக்கு ஒன்றரை, வைரத்துக்கு 2.4; இதற்கு 25! வெற்றிடத்தில் 75 கிலோமீட்டராக இருந்த அலைநீளம் அங்கே 3 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அலைமுகடு போகும் வேகம் நொடிக்கு 12,000 கிலோமீட்டர். ஆற்றல் போகும் வேகம், அதாவது குழுத் திசைவேகம், அதைவிட அதிகம்: கிட்டத்தட்ட 17,000. சாதாரணமாக நாம் பார்க்கிற ஊடகங்களில் இது தலைகீழாக இருக்கும்.

விசில் ஏன் இறங்குகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சுற்றல் அதிர்வெண்ணுக்கு நிறையக் கீழே உள்ள அலைகளில், அதிர்வெண் கூடக்கூட வேகமும் கூடும். மின்னல் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறது. உயர்ந்தவை முந்தி வந்துவிடும், தாழ்ந்தவை பிந்தி வரும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். இந்த விதியைக் கண்டவர் பிரிட்டன் பொறியாளர் எக்கர்ஸ்லி.

அலைவரிசை

மிக்க நன்றி சார். ஒளிவிலகல் எண் 25 என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது கேள்வி?

கயல்_ஆய்வு

அதற்கு நான் வருகிறேன். விண்வெளிப் பிளாஸ்மாவில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

அலைமுகடு ஒரு திசையில் நகரும், ஆற்றல் வேறொரு திசையில் நகரும். காந்தப்புலம் உள்ள பிளாஸ்மாவில் இது சகஜம். தாழ்ந்த அதிர்வெண் விசிலர் அலையின் முகடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும், அதன் ஆற்றல் காந்தப்புலக் கோட்டிலிருந்து 19.5 பாகைக்கு மேல் விலகாது. ஸ்டோரி தன் ஆய்விலேயே இதைக் காட்டிவிட்டார். ஆக, ஊடகமே அலையைக் கோட்டை ஒட்டித் தள்ளுகிறது.

ஆனால் அது மட்டும் போதாது. 19.5 பாகை என்பது பல்லாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் சிறிய விலகல் இல்லை. அப்படி விலகிய அலை எதிர்ப்பக்கத்து அயனிமண்டலத்தின் (காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் உள்ள பிளாஸ்மா அடுக்கு) மேல் சாய்வாக விழும். ஒளிவிலகல் எண் அவ்வளவு அதிகமாக இருப்பதால், செங்குத்துக்கு மிக நெருக்கமாக வரும் அலை மட்டும்தான் கீழே காற்றுக்குள் இறங்க முடியும். மற்றது முழு அக எதிரொளிப்பில் மேலேயே தங்கிவிடும். பின்னே தரையில் எப்படிக் கேட்கிறது? காந்தப்புலக் கோட்டோடு நீளும் அடர்த்திக் குழாய்கள் அங்கே இருக்கின்றன. சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எலக்ட்ரான் உள்ள குழாய். அது அலையை உள்ளேயே வளைத்து வைத்துக்கொண்டு, முகடு கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி மறுமுனை வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு அடையாளமும் உண்டு: கணக்குப்படி இந்தக் குழாய் சுற்றல் அதிர்வெண்ணில் பாதிக்கு மேல் உள்ள அலையைப் பிடித்துவைக்காது, தரையில் பதிவாகும் விசிலர்களும் அந்தப் பாதி எல்லையில்தான் வெட்டுப்படுகின்றன.

குழாயில் சிக்காத அலைகளின் கதையும் எனக்குப் பிடிக்கும். அவை தரைக்கு வருவதில்லை. கீழே இறங்கும் வழியில், அயனிகளின் பங்கு முக்கியமாகும் ஓர் அதிர்வெண் எல்லையைத் தொட்டதும் திரும்பிவிடும். அப்படி இரண்டு அரைக்கோளத்துக்கும் இடையே மாறிமாறிப் போய்வந்து, கடைசியில் தேய்ந்து மறையும். செயற்கைக்கோள்கள் மேலே போன பிறகுதான் இவற்றைப் பார்க்க முடிந்தது.

டொராண்டோ_ரவி

கேட்ட அனுபவம் உள்ளவன் என்ற முறையில் எழுதுகிறேன். டொராண்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் மின்கம்பிகள் இல்லாத காடு கிடைக்கும். அது முக்கியம், இங்கே 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலும் அதன் மடங்குகளும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு மீட்டர் நீள ஆன்டெனா, ஆம்ப்ளிஃபையர், ஹெட்போன், அவ்வளவுதான் கருவி. காரைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும்.

முதலில் கேட்பது படபடவென்று தூரத்து மின்னல்கள். இருட்டியதும் அவற்றில் சில 'டிவ்வ்' என்று லேசாக இழுபடும். அதற்கு ட்வீக் என்று பெயர். தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் நடுவே மோதிமோதி வந்த மின்னல் ஓசை. நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன்தான் விசிலர் வரும். நல்ல நாளில் ஒரு 'டக்', ஓரிரு நொடி அமைதி, பிறகு ஐந்தாறு கிலோஹெர்ட்ஸில் தொடங்கிச் சறுக்கி இறங்கும் விசில். அடுத்தடுத்து எதிரொலிகளும் வந்தால், ஒவ்வொன்றும் முன்னதைவிட நீளமாக இழுக்கும். அதே பாதையில் கூடுதல் நடை போனது. காந்தப் புயல் நாட்களில் விடியும்போது பறவைக் கூட்டம் போன்ற இன்னொரு சத்தம் வரும், இது கீழிருந்து மேலே ஏறும். கோரஸ் என்பார்கள்.

எங்களுக்குப் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ரோபர்வால் என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்து கிளம்பும் காந்தப்புலக் கோடு தரையிறங்கும் இடம் அன்டார்க்டிகாவின் சைப்பிள் நிலையத்துக்குப் பக்கம். ஸ்டான்ஃபோர்டின் ராபர்ட் ஹெலிவெல் குழு சைப்பிளில் பனிக்கட்டியின் மேல் 21 கிலோமீட்டர் நீள ஆன்டெனாவை விரித்து, 1973 முதல் விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) அலைகளை அனுப்பி, ரோபர்வாலில் வாங்கிப் பார்த்தது. அனுப்பியது தேய்ந்து வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? சில நேரம் வழியிலேயே பல மடங்கு பெருகி வந்தது. கூடவே அவர்கள் அனுப்பாத, மேலேறும் புதுச் சுரங்களும் வந்தன.

பொருநைக்கரை

அண்ணா, நீங்கள் கொடுத்துவைத்தவர். இங்கே திருநெல்வேலியில் வருடக்கணக்காகக் காது கொடுத்துப் பார்த்துவிட்டேன். இரவில் ட்வீக் நிறையக் கிடைக்கிறது. விசிலர் ஒன்றுகூட இல்லை. ரிசீவரில் கோளாறா, இடத்தில் கோளாறா?

ஓய்வுபெற்ற_இயற்பியல்

இடம்தான் தம்பி, ரிசீவரைக் குறை சொல்லாதீர்கள். காந்த நடுக்கோடு உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அதற்காகவே திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருக்கிறது. அங்கே காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்.

எளிய இருமுனைக் காந்தக் கணக்கில், ஒரு காந்தப்புலக் கோடு தரையை 5 பாகை காந்த அட்சத்தில் விட்டுக் கிளம்பினால் அது எட்டும் அதிகபட்ச உயரம் சுமார் 50 கிலோமீட்டர். அயனிமண்டலத்தின் அடிப்பகுதிகூட அதற்கு மேலேதான். 10 பாகை என்றால் சுமார் 200 கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். விசிலர் ஏறிப்போக உங்கள் ஊரில் பாதையே கிடையாது. வாரணாசி, நைனிடால், குல்மார்க் ஆகிய இடங்களில் பதிவாகியிருக்கின்றன. குல்மார்க் கோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறும்.

ட்வீக்கை விட்டுவிடாதீர்கள். அது சுமார் 1.7, 1.8 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வராமல் நின்றுவிடும். அந்த வெட்டு அதிர்வெண்ணை அளந்தால் இரவில் அயனிமண்டலத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஒளிவேகத்தை அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்தால் போதும், 85 கிலோமீட்டர் பக்கம் வரும். பள்ளிப் பிள்ளைகளை வைத்தே செய்யலாம்.

கரிகாலன்

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் இந்த அலைகளால் ஏதாவது நடக்கிறதா, இல்லை கேட்டு ரசிக்க மட்டுமா? விஞ்ஞானிகள் இவ்வளவு செலவு செய்வதற்கு என்ன காரணம்?

கயல்_ஆய்வு

நிறையவே நடக்கிறது. காந்தமண்டலத்தில், அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியில், இரண்டு துகள்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்வது அநேகமாக இல்லை. அறைக்குள் இருக்கும் காற்று மூலக்கூறுகள் மோதிமோதித்தான் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே அந்த வேலையை அலைகள் செய்கின்றன. அலை இல்லாவிட்டால், பூமியைச் சுற்றி வேகத் துகள்கள் நிறைந்திருக்கும் வான் ஆலன் பட்டைகளில் சிக்கிய எலக்ட்ரான் கிட்டத்தட்ட அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். என் ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான்.

நடப்பது எப்படி என்றால்: காந்தப்புலக் கோட்டின் வழியே அலை ஒரு பக்கம் வருகிறது, எலக்ட்ரான் எதிர்ப்பக்கம் போகிறது. டாப்ளர் விளைவால் எலக்ட்ரானுக்கு அலையின் அதிர்வெண் கூடித் தெரியும். அது சரியாக எலக்ட்ரானின் சுற்றல் அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், அலையின் மின்புலமும் எலக்ட்ரானும் சேர்ந்தே சுழலும். தள்ளுவது எப்போதும் ஒரே பக்கமாக விழும். எலக்ட்ரானின் பாதைக் கோணம் மாறும், அல்லது ஆற்றல் ஏறும், இறங்கும். கோணம் கோட்டை நோக்கிச் சாய்ந்துவிட்டால் எலக்ட்ரான் சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி, காற்றில் மோதி, போயே போய்விடும். துடிப்பது போல மினுங்கும் ஒரு வகைத் துருவ ஒளி இப்படித்தான் உண்டாகிறது. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் மேலே கோரஸையும், அது எலக்ட்ரான்களைக் கீழே தட்டிவிடுவதையும் நேரடியாக அளந்தது, 2018-இல் வெளியானது.

ரவி அண்ணா கேட்ட கோரஸ் பிறப்பதும் இதே பொருத்தத்தில்தான். இரவுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளப்படும் சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் கோட்டுக்குக் குறுக்கே அதிக ஆற்றலோடு வருகின்றன. அந்த மிச்சத்தை அலைக்குக் கொடுத்துவிடுகின்றன. எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகர்வதால், நள்ளிரவில் நுழைந்தவை விடியல் பக்கம் போய்ச் சேரும். கோரஸ் விடிகாலையில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று ஹிஸ். சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஓரிரு கிலோஹெர்ட்ஸ் வரை, சுரமே இல்லாத வெறும் இரைச்சல். குளிர்ந்த, அடர்ந்த பிளாஸ்மா உள்ள உட்பகுதியில் இது நிரம்பியிருக்கிறது. உள் பட்டைக்கும் வெளிப் பட்டைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் ஏன் இருக்கிறது என்பதற்கு லயன்ஸும் தோர்னும் 1973-இல் காட்டிய காரணம் இந்த ஹிஸ்தான். அங்குள்ள எலக்ட்ரான்களை அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குள் தள்ளிவிடுகிறது.

கரிகாலன்

கோரஸ் எலக்ட்ரானை அழிக்கிறது என்கிறீர்கள். நான் படித்த ஒரு கட்டுரையில், செயற்கைக்கோள்களைக் கெடுக்கும் அதிவேக எலக்ட்ரான்களை உண்டாக்குவதே கோரஸ்தான் என்று இருந்தது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

குமரிமுனை

கரிகாலன் கேட்டது நியாயம். கோரஸுக்கு இவ்வளவு பெருமை கொடுப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. மெதுவான அலைகளை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்.

ஹானஸ் ஆல்ஃப்வேன் 1942-இல் சொன்ன அலை இருக்கிறதே, அதில் காந்தப்புலக் கோடு வீணைத் தந்தி போல அதிரும். புலம் எவ்வளவு வலுவோ அவ்வளவு இறுக்கம். கோட்டில் ஒட்டியிருக்கும் அயனிகளின் நிறை தந்தியின் கனம். இரண்டு முனையும் அயனிமண்டலத்தில் கட்டப்பட்டிருப்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் அதற்கென்று ஒரு சுரம் உண்டு, அதிர்வு ஒன்றுக்குச் சில நொடி முதல் பல நிமிடம் வரை. சூரியக் காற்று காந்தமண்டலத்தின் ஓரத்தை உரசிக் கிளப்பும் அலைகள், பொருந்துகிற கோட்டில் போய்ச் சேர்ந்து அதை அதிரவைக்கும். காந்தமானி இருந்தால் தரையிலேயே தெரியும்.

ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் கொண்ட எலக்ட்ரான், புவிநிலைச் சுற்றுப்பாதை தொலைவில் பூமியைச் சுற்றிவர ஆகும் நேரம் பத்து நிமிடம் பக்கம். 150 முதல் 600 நொடி வரை உள்ள மெதுவான அலைகள் அதோடு பொருந்தும். பொருந்தினால் எலக்ட்ரானைப் படிப்படியாக உள்ளே நகர்த்தும். உள்ளே காந்தப்புலம் வலுவானது, அதனால் எலக்ட்ரானின் ஆற்றல் தானாக ஏறும். அதிவேக எலக்ட்ரான்களுக்கு இது போதாதா? கோரஸ் எதற்கு?

கயல்_ஆய்வு

குமரிமுனை சொன்ன வழி உண்மையில் நடக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. வெளியிலிருந்து உள்ளே நகர்ந்து வந்தவை என்றால், காந்தப்புல மாற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது எலக்ட்ரான்களின் செறிவு வெளிப்பக்கத்தில் அதிகமாக இருந்து உள்ளே வரவரக் குறைய வேண்டும். அந்த இடத்திலேயே முடுக்கப்பட்டவை என்றால் நடுவில் ஒரு மேடு எழும்ப வேண்டும். 2012 ஆகஸ்டில் ஏவிய வான் ஆலன் ஆய்வுக்கலங்கள் இரண்டும் அந்த வருட அக்டோபர் காந்தப் புயலின்போது பட்டையின் நடுவிலேயே இருந்தன. மேடு எழும்பியதைப் பார்த்தன. ரீவ்ஸ் குழு 2013-இல் அதை வெளியிட்டது. அதே புயலில் அளந்த கோரஸை வைத்துத் தோர்ன் குழு போட்ட கணக்கு, எலக்ட்ரான்கள் ஏறிய விதத்தோடு ஒத்துப்போனது. எனவே அந்தப் புயலில் முக்கிய வேலை கோரஸுடையது என்பதே என் முடிவு. பிறகு அந்த மேட்டை உள்ளும் புறமும் பரப்பியதில் மெதுவான அலைகளுக்குப் பங்கு உண்டு.

கரிகாலன், உங்கள் கேள்விக்கு: குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் அலைக்குக் கொடுக்கின்றன, அவற்றில் பல காற்றுக்குள் விழுகின்றன. அலை வாங்கியதில் ஒரு பங்கை ஏற்கெனவே வேகமாக உள்ள வெகுசிலவற்றுக்குக் கொடுக்கிறது. அவை மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறுகின்றன. ஒரே அலை, வெவ்வேறு ஆற்றலில் வெவ்வேறு விளைவு.

பொருநைக்கரை

ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறார்கள், என் ரிசீவரில் கோடு போட்டதுபோல் தெரியும். அதுவும் மேலே போய் எலக்ட்ரானைத் தட்டிவிடுமா?

கயல்_ஆய்வு

மற்ற விஎல்எஃப் நிலையங்கள் அப்படிச் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் 19.8 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையம் பட்டை எலக்ட்ரான்களை உதிர்ப்பதை பிரான்ஸின் டெமெட்டர் செயற்கைக்கோள் பதிவு செய்தது. உங்கள் ஊர் நிலையத்துக்கு அது எளிதில்லை. ஓர் அலை அயனிமண்டலத்துக்குள் நுழையும்போது ஒளிவிலகல் எண் காரணமாகச் செங்குத்தாகத் திரும்பிவிடும். அங்கே காந்தப்புலமோ கிடைமட்டம். புலத்துக்கு நேர்குறுக்காக அந்த அதிர்வெண்ணில் விசிலர் அலை பரவ முடியாது. காந்த நடுக்கோட்டுக்கு மேல் பறக்கும்போது தரை நிலையங்களின் சிக்னல் செயற்கைக்கோளில் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அலையின் பெரும்பகுதி தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் நடுவிலேயே ஓடுகிறது, நீர்மூழ்கிக்கு வேண்டியதும் அதுதான்.

அலைவரிசை

ரவி அண்ணா, உங்களிடம் பதிவு ஏதாவது இருந்தால் பகிருங்கள். அடர்த்தியைக் கணக்கிட்டுப் பார்க்க ஆசை.

டொராண்டோ_ரவி

அனுப்புகிறேன் தம்பி. ஆடியோ மென்பொருளில் நிறமாலைப் படமாகத் திறந்தால் விசிலர் ஒரு வளைகோடாகத் தெரியும். எந்த மின்னலிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. வளைகோட்டில் நாலைந்து புள்ளிகளைத் தொட்டு, ஒவ்வொன்றின் நேரத்தையும் குறியுங்கள். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைக் கீழே போட்டு ஒன்றை வகுத்து, அதை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றதிலும் வைத்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டை நீட்டிச் சுழியைத் தொடவிட்டால் மின்னல் வெட்டிய நேரம் கிடைக்கும். கோட்டின் சாய்வுதான் எக்கர்ஸ்லி விதியின் மாறிலி. உதாரணத்துக்கு, 4 கிலோஹெர்ட்ஸுக்கும் 1 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி இருந்தால் மாறிலி 63 வரும். அதிலிருந்து அடர்த்திக்குப் போக எந்தக் காந்தப்புலக் கோட்டில் வந்தது என்று தெரிய வேண்டும்; என் பதிவுகளில் இரண்டில் வளைகோட்டின் முனை தெரியும்படி மூக்குபோல் இரு பக்கமும் வளைந்த விசிலர் இருக்கிறது, அந்த மூக்கின் அதிர்வெண்ணே காந்தப்புலக் கோட்டைச் சொல்லிவிடும். அந்த இரண்டையும் முதலில் அனுப்புகிறேன்.